மழைக்காலத்தில் கூரையடியில் மிளகாய்ச் சாகுபடி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த கோவிலம்பாக்கம் போன்ற தாழ்வான ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை மிளகாய்ப் பயிருக்குப் பெருஞ்சத்துருவாம். 2015-ம் வருஷம் டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பிரதேசத்தை ஜலம் சூழ்ந்ததை வாசகர்கள் மறந்திரார். வேரில் ஓரிரு தினங்கள் நீர் தேங்கினாலே இச்செடி வாடிவிடும்.

ஆகையால் பசுமைக்குடிலில் பயிரிடலாமா எனப் பலர் கேட்கின்றனர். பயிரிடலாம், ஆனால் குளிர்தேசத்தார் கண்ணாடி வீட்டைப் போல் நாற்புறமும் அடைத்தல் கூடாது. அவர்களுக்கு உஷ்ணத்தைக் காப்பது நோக்கம்; நமக்கோ அதை வெளியேற்றுவதே கஷ்டம். பகல் உஷ்ணம் 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்போனால் பூவும் பிஞ்சும் உதிரும். மேலே பாலிதீன் கூரை, பக்கங்களில் பூச்சிவலை, இவ்வளவே போதும்.

உள்ளே ஓரடி உயர மேட்டுப்பாத்தியும், வெளியே வடிகாலும் அவசியம். இதை மறந்தவருக்குக் கூரையால் பயனில்லை. வெள்ளம் கீழிருந்தன்றோ வருகிறது! குடில் கட்டப் பொருளில்லாதவர் நாற்றுக்களை மட்டுமாவது கூரையடியில் வளர்க்கட்டும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, குழித்தட்டில் தென்னைநார்க் கழிவிட்டு விதைத்தால் நாற்றழுகல் குறையும். சுமார் 40 நாளில் நடலாம்.

காற்றசைவு குன்றிய குடிலில் காலைதோறும் பூத்த செடிகளை மெல்ல அசைத்துவிடுதல் நலம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி. இரண்டும் வலைக்கண்ணில் நுழையுமளவு சிறியவை. ஆதலின் வாரம் இருமுறை இலைகளைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.