செனகால் மணிலாக்கொட்டையும் பிரெஞ்சுச் சலுகை விலையும்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் தேசம் மணற்பாங்கானது, மழையும் சொற்பம். குடியானவர்களுக்கு ஆதியில் கம்பே பிரதான ஆகாரம். 1840-ஆம் வருஷத்தையொட்டி மணிலாக்கொட்டை ஏற்றுமதி துவங்கிற்று. 1885-ல் டக்காருக்கும் சென்லூயிக்கும் ரயில் பாதை ஏற்பட்டபின் சாகுபடி மும்முரமாயிற்று. பிரான்ஸ் தேசத்து எண்ணெய் ஆலைகளே முக்கியக் கிராக்கி. 1933-ல் பிரெஞ்சுச் சர்க்கார் அந்நிய வித்துக்களுக்கு வரி விதித்துத் தங்கள் குடியேற்ற நாட்டுச் சரக்கை ஆதரித்தனர். மார்ஸேல்ஸ் துறைமுகத்துக்குச் சென்ற சென்னை மாகாணத்துக் கொட்டையும் அவ்வரிக்குத் தப்பவில்லை.

செனகாலிலோ கொட்டை பெருகப் பெருக, இந்தோசீனாவின் நொய்யரிசி கப்பலில் வந்து இறங்கிற்று. நொய்யுண்டு பழகிய நாக்கு கம்பங்களியை எளிதில் நாடுமா?

1960-ல் சுதந்திரம் பெற்ற பின்னும் உலகச் சந்தைக்கு மேற்பட்ட விலையையே பிரான்ஸ் கொடுத்து வந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தை உடன்படிக்கையை அநுசரித்து, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் இச்சலுகை நின்றது. கொள்முதல் விலை இறங்கிய சமயத்திலேயே மழையும் பொய்த்தது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் தலைமேல் நின்றது. பலர் கொட்டையைக் குறைத்து மீண்டும் கம்பு விதைத்தனர். சிலர் காம்பியா எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் விற்றனர். 1975-ல் லோமே நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, ஏற்றுமதி வருமானம் குன்றிய வருஷங்களில் ஈட்டுத்தொகைக்கு வழிசெய்தது. ஆயின் அத்தொகை சேர்ந்தது சர்க்கார் பொக்கிஷத்தில், குடியானவன் கையிலன்று.