சர்க்கரையா, செயற்கை இனிப்பா? எதைத் தேர்ந்தெடுப்பது?

சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே பல வீடுகளில் செயற்கை இனிப்பு மாத்திரை டப்பா வந்துவிடுகிறது. எடையைக் குறைக்க நினைப்பவர்கள் டயட் பானங்களுக்கு மாறுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் கணித்தது. எனவே, எந்த இனிப்பு நல்லது என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் உரியது.

சர்க்கரை எவ்வளவு போதும்?

நாம் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல், ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது 6 டீஸ்பூன்.

காலையில் ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒரு டீ, மாலையில் இன்னொரு டீ. ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் 6 ஸ்பூன் அங்கேயே முடிந்துவிடுகிறது. டீயோடு தொட்டுக்கொள்ளும் பிஸ்கட், பண்டிகைப் பலகாரம், சத்துமாவு பானம் எல்லாம் அதற்கு மேல்தான். 300 மில்லி கோலா ஒன்றிலேயே 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது.

வெல்லமும் தேனும் விதிவிலக்கா?

இல்லை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுபவைதான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் தாது உப்புகளும் உண்டு. ஆனால் டீயில் போடும் அளவில் அவற்றால் பெரிய பலன் கிடையாது. ‘கருப்பட்டிக் காபிதானே’ என்று சர்க்கரை நோயாளிகள் கணக்கில்லாமல் குடிப்பது ஆபத்து. முழுப் பழத்தில் உள்ள இனிப்பு வேறு ரகம். நார்ச்சத்தோடு சேர்ந்திருப்பதால் மெதுவாகவே ரத்தத்தில் கலக்கும். அதே பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் அந்த நன்மை போய்விடும்.

செயற்கை இனிப்புகள் எப்படிப்பட்டவை?

முதலில் வந்தது சாக்கரின். 1879-ல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. பிறகு அஸ்பர்டேம், அசெசல்ஃபேம்-கே, சுக்ரலோஸ் ஆகியவை வந்தன. அஸ்பர்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கும், சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பானவை. அதனால் கடுகளவே போதும். கலோரியும் இல்லை என்றே சொல்லலாம். ஸ்டீவியா, தென் அமெரிக்கச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. அஸ்பர்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும் என்பதால் கேசரி, பாயசம் போன்று கொதிக்கும் பண்டங்களுக்கு ஒத்துவராது.

எடை குறையுமா?

சர்க்கரை போட்ட பானத்துக்குப் பதிலாக இவற்றைப் பயன்படுத்தினால் கலோரி குறைவது உண்மை. சென்னையில், காபி-டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்த சர்க்கரை நோயாளிகளை 12 வாரங்கள் கவனித்த ஆய்வில், எடையும் இடுப்பளவும் சிறிதளவு குறைந்தன. மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

நீண்ட காலக் கணக்கு வேறு. எடைக் கட்டுப்பாட்டுக்காக இந்த இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு உடல் கொழுப்பு குறைந்ததற்குச் சான்று இல்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றோடு தொடர்பு இருக்கலாம் என்றும் தெரிந்தது. ஏற்கெனவே எடை கூடியவர்களே இவற்றை அதிகம் நாடுவதால், எது காரணம், எது விளைவு என்று உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது.

புற்றுநோய் வருமா?

2023 ஜூலையில் அஸ்பர்டேம் ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ள’ பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சான்று குறைவாக உள்ள பொருள்களுக்கான பிரிவு அது. அதே நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் எடுக்கலாம் என்ற பழைய வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 டின் டயட் பானம் குடிக்க வேண்டும். அளவாகப் பயன்படுத்துபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

950 என்றால் அசெசல்ஃபேம்-கே, 951 அஸ்பர்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. சேர்மானப் பட்டியலில் இந்த எண்களைத் தேடுங்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கும் இனிப்புகளிலும் மைதா, நெய், பால்கோவா அப்படியே இருக்கும்; கலோரியும் இருக்கும், ரத்தச் சர்க்கரையும் ஏறும். சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் சேர்ந்த மிட்டாய்களை அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம்.

யாருக்கு எது?

• நோய் இல்லாதவர்கள்: செயற்கை இனிப்பு தேவையில்லை. சர்க்கரையைக் குறைத்தாலே போதும்.

• சர்க்கரை நோயாளிகள்: காபி-டீக்கு மட்டும், மருத்துவர் ஆலோசனையோடு அளவாகச் சேர்க்கலாம்.

• குழந்தைகள்: தவிர்த்துவிடுங்கள். பல டயட் பானங்களிலேயே குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

• கர்ப்பிணிகள்: சாக்கரின் வேண்டாம், மற்றவற்றுக்கும் மருத்துவரைக் கேளுங்கள்.

• ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள்: அஸ்பர்டேம் கூடவே கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் அது சர்க்கரை குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது செயற்கை இனிப்பு உதவாது. நினைவோடு இருந்தால் 3 டீஸ்பூன் நிஜச் சர்க்கரையை உடனே நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவை முழுக்க அகற்றிவிடாதீர்கள்.

நாக்கைப் பழக்குங்கள்

டீயில் 2 ஸ்பூன் போடுபவர்கள் இந்த வாரம் ஒன்றரை ஸ்பூனாக்குங்கள்; இரண்டு வாரம் கழித்து ஒன்று, பிறகு அரை. கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று கேட்டு வாங்குங்கள். குளிர்பானத்தின் இடத்தில் நீர்மோர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, சீரகத் தண்ணீர் வரட்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழைய அளவு திகட்டும். செயற்கை இனிப்பு கலோரியைக் குறைக்குமே தவிர, இனிப்பின் மீதான ஆசையைக் குறைக்காது. எந்த இனிப்பு என்று தேடுவதைவிட, எவ்வளவு இனிப்பு என்று கேட்பதே ஆரோக்கியத்துக்கு வழி. அதை இன்றைக்கு மாலை டீயிலேயே தொடங்குங்கள்.