ஓய்வுக் காலமும் துணையின் சுகவீனமும்





முப்பது, முப்பத்தைந்து வருட காலம் ஆசிரியராக, எழுதுவினைஞராக, வியாபாரியாக உழைத்து ஓய்வுபெறும் ஒருவர் தம் உள்ளத்திலே சில ஆசைகளை வளர்த்து வைத்திருப்பார். உம்ராவுக்குப் போய்வர வேண்டும். ஐவேளையும் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழ வேண்டும். பேரப்பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்க வேண்டும். இத்தனை காலமும் அடுப்படியிலேயே நின்ற மனைவியோடு ஆறுதலாக அமர்ந்து பேச வேண்டும். இவை யாவும் நல்ல ஆசைகளே. எனினும் இருவரும் சுகமாக இருப்போம் என்ற எண்ணத்தின் மீதே இவை அனைத்தும் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணம் ஒரே காலைப்பொழுதில் ஆட்டங்கண்டுவிடக் கூடும். அவ்வேளையில் நாம் செய்ய வேண்டியது யாது, அதன் பின்னர் நாம் எவ்வாறு வாழ வேண்டும் என்பதைப் பற்றியே இன்று சிந்திக்கவிருக்கின்றோம்.

ஒரு காலைப்பொழுது

நாமறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நடந்த சம்பவம் இது. ஸுப்ஹுத் தொழுகை முடிந்து வந்த அவர் விறாந்தையில் அமர்ந்திருந்தார். தேநீர் கொண்டுவந்த மனைவியின் கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்து உடைந்தது. அவர் ஏதோ சொல்ல முனைந்தார்; வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கணவர் பதறிப்போய் அவரைக் கதிரையில் இருத்தினார். அயலவர்கள் ஓடிவந்தனர். ஒருவர் கையில் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். மற்றொருவர் ஓதிய தண்ணீரைப் பருக்கச் சொன்னார்.

இருபது நிமிடங்கள் கழியுமுன் பேச்சுத் தெளிந்தது. கையும் பழைய நிலைக்கு வந்தது. "எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயப்படுத்தாதீங்க" என்று கூறிவிட்டு, உடைந்த கோப்பையைக் கூட்டி அள்ளுவதற்கு அந்தத் தாய் எழுந்தார். கூடியிருந்தோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கூறிக் கலையத் தொடங்கினர். முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்த அயல்வீட்டு மாணவன் ஒருவன் மாத்திரம் விடவில்லை. "இது பாரிசவாதத்தின் அறிகுறி, சேர். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று வற்புறுத்தி அம்புலன்ஸ் வண்டியை அழைத்தான்.

வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட முதற் கேள்விகளுள் ஒன்று, "அவர் என்னென்ன குளிசைகள் பாவிக்கிறார்?" என்பதாகும். ஆயிரக்கணக்கான மாணவர்களின் பெயர்களை நினைவில் வைத்திருந்த அந்த ஆசிரியருக்குத் தம் மனைவி நாள்தோறும் விழுங்கும் மூன்று குளிசைகளின் பெயர் தெரியவில்லை. பின்னர் இன்னொன்றும் தெரியவந்தது. மனைவி இரண்டு கிழமைகளாக இரத்த அழுத்தக் குளிசையைப் பாவிக்கவேயில்லை. குளிசை முடிந்துவிட்டது, கிளினிக்குக்கு விடியற்காலையிலேயே போக வேண்டும், போனால் கணவருக்குக் காலை உணவு கொடுப்பது யார் என்று எண்ணி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். "அன்று நான் வெட்கப்பட்டது போல என் வாழ்நாளில் வெட்கப்பட்டதில்லை" என்று அந்த ஆசிரியர் எம்மிடம் கூறினார்.

வந்து போனாலும் நோய் நோயே

நேயர்களே! இங்கே நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய முதலாவது விடயம் இதுதான். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயொன்று சிறிது நேரம் அடைபட்டுத் தானாகவே திறந்துகொள்ளும்போது, இத்தகைய அறிகுறிகள் தோன்றி மறைகின்றன. மறைந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதுவது பெருந்தவறு. இவ்வாறு வந்து போனவருக்கு முழுமையான பாரிசவாதம் ஏற்படும் அபாயம் அடுத்த சில நாட்களில், அதிலும் முதல் இரண்டு நாட்களில், மிகக் கூடுதலாக இருக்கின்றது. ஆகவே அதனை ஒரு முன்னெச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுகின்றதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒரு கை தாழ்கின்றதா? பேச்சுக் குழறுகின்றதா? இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் தாமதிக்கலாகாது. அறிகுறி தோன்றிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏனெனில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பொருத்தமான நோயாளருக்கு, நோய் தொடங்கி நான்கரை மணித்தியாலங்களுக்குள் ஏற்றுவதே வழக்கம். அதற்கு முன்னர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். எனவே எண்ணெய் தேய்ப்பதிலும் எவரெவரிடமோ ஆலோசனை கேட்பதிலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் நிமிடமே.

1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வீட்டுக்கு வரும். 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இந்த இலக்கத்தைச் சிறு பிள்ளைகளுக்கும் மனனம் செய்து கொடுங்கள்.

இன்னொரு விடயத்தையும் அன்போடு சொல்லிவைக்க விரும்புகின்றோம். பாரிசவாதம் ஏற்பட்டவருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கக் கூடும். அந்நிலையில் வாயில் ஊற்றப்படும் நீர் சுவாசப்பைக்குள் போய்விடலாம். ஓதிய தண்ணீராயினும் அதுவும் நீர்தானே! ஓத விரும்புவோர் அருகிலிருந்து ஓதுங்கள், துஆக் கேளுங்கள். வைத்தியர் பார்க்கும் வரை வாயினால் எதனையும் கொடுக்காதீர்கள். அஸ்பிரின் குளிசையையும் நாமாகக் கொடுக்கலாகாது. நோய் அடைப்பினால் வந்ததா, இரத்தக் கசிவினால் வந்ததா என்பது ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். கசிவாயின் அக்குளிசை தீங்கையே செய்யும்.

மாரடைப்பும் இவ்வாறே திடீரென வருவதுண்டு. நெஞ்சு இறுகுதல், வியர்த்தல், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுதல் என்பவற்றைப் பலரும் அறிவர். ஆனால் பெண்களிலும் நீரிழிவு நோயாளரிலும் நெஞ்சு வலியின்றி, மூச்சுத் திணறலாகவோ, கடுங்களைப்பாகவோ, மேல் வயிற்று உபாதையாகவோ அது வெளிப்படலாம். "வாயுத் தொல்லை" என்று சொல்லிச் சோடா கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

உஸ்மான் (ரலி) அவர்களின் முன்மாதிரி

ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டு ரமழானிலே பத்ர் களம் நிகழ்ந்தது. இஸ்லாமிய வரலாற்றின் போக்கையே தீர்மானித்த அந்நாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் களத்தில் இருக்கவில்லை. அவர்களுடைய மனைவியும் நபி (ஸல்) அவர்களின் அருமை மகளுமாகிய ருகையா (ரலி) அவர்கள் கடும் சுகவீனமுற்றிருந்தார்கள். மனைவியின் அருகிலிருந்து பராமரிக்கும்படி உஸ்மான் (ரலி) அவர்களைப் பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே. அதுமட்டுமன்றி, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தில் பங்கும் அவர்களுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். நோயுற்ற மனைவியின் கட்டிலருகே அமர்ந்திருப்பது பத்ர் களத்தில் நிற்பதற்கு நிகராக மதிக்கப்பட்டிருக்கின்றது. அது பெண்களின் வேலை என்றோ, வேறு எவரேனும் பார்த்துக்கொள்ளட்டும் என்றோ சொல்லப்படவில்லை. பத்ரின் வெற்றிச் செய்தி மதீனாவை வந்தடைந்த வேளையில் ருகையா (ரலி) அவர்கள் மறைந்து, அடக்கமும் செய்யப்பட்டிருந்தார்கள். பராமரித்தவர் நோயை வெல்லவில்லை. ஆயினும் அவருடைய நன்மை குறையவில்லை. சுகம் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றது. உடனிருப்பதே நம் கடமை. தம்மால் இயன்றதைச் செய்தும் துணையை இழந்து, "நான் இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ" என்று உள்ளம் வெதும்புவோருக்கு இதிலே பெரும் ஆறுதல் உண்டு.

வீடு திரும்பிய பின்

வைத்தியசாலையிலிருந்து திரும்பிய பின்னரே உண்மையான சோதனை தொடங்குகின்றது. நாம் கூறிய ஆசிரியர் பல இரவுகள் உறங்கவில்லை. மனைவியின் மூச்சுச் சத்தம் கேட்கின்றதா என்று இருளிலே காது கொடுத்துக் கிடந்தார். பகலிலே அவரை எழுந்து நடக்க விடுவதில்லை. அடுப்படிக்குள் போக விடுவதில்லை. ஒரு மாதம் சென்றபோது அந்தத் தாய் அழுதுவிட்டார். "என்னை மையித்தாக்கி மூலையில் வைத்துவிட்டீங்களே" என்றார்.

அன்பு மிகுந்தால் சில வேளைகளில் அதுவே சிறையாகிவிடுகின்றது. நோயுற்றவர் தமக்கு இயன்ற வேலையை வைத்தியரின் ஆலோசனைப்படி செய்வதே உடலுக்கும் மனதிற்கும் நல்லது. எதனைச் செய்ய விரும்புகின்றார் என்பதை அவரிடமே கேளுங்கள். அவ்விருவரும் பின்னர் ஓர் இணக்கத்திற்கு வந்தனர். அவர் கறி ஆக்குவார். இவர் தேங்காய் துருவி, அரிசி கழுவிக் கொடுப்பார். அஸருக்குப் பின் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். கிளினிக் நாளில் காலை உணவை ஆசிரியரே ஆயத்தம் செய்வார். இதில் ஆண்மைக்கு இழுக்கு எதுவுமில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தும், செருப்பைத் தாமே செப்பனிட்டும், வீட்டாருக்கு உதவியாக இருந்தும் வாழ்ந்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

குளிசை விடயத்தில் ஒழுங்கு மிக அவசியம். இரத்த அழுத்தம் வெளியே தெரிவதில்லை. சுகமாக இருக்கின்றது என்று குளிசையை நிறுத்துவதே பலரை வீழ்த்துகின்றது. குளிசைகளின் பெயர், அளவு, வேளை என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியோடு வையுங்கள்; அந்தக் கொப்பி இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பே உச்ச அளவு என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது ஒரு தேக்கரண்டி அளவே. கருவாடும் அச்சாறும் ஊறுகாயும் சேரும் எமது சாப்பாட்டில் இவ்வளவு எளிதாகத் தாண்டப்பட்டுவிடுகின்றது.

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்த நிலையில் தொழலாம். மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு நோற்க முற்படுவோர் முதலில் வைத்தியரிடமும் பின்னர் ஆலிமிடமும் கேளுங்கள். மார்க்கம் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

நோயாளியைப் பராமரிப்பவரும் முதியவரே என்பதை மறந்துவிடாதீர்கள். அவருக்கும் உறக்கம் வேண்டும். அவருக்கும் கிளினிக் உண்டு. "நான் பயப்படுகின்றேன்" என்று நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது பொறுமைக்கு மாறானதன்று. பல வாரங்கள் கடந்தும் நோயாளி உண்ணாமலும் பேசாமலும் சோர்ந்திருந்தால் அதனையும் வைத்தியரிடம் கூறுங்கள். பாரிசவாதத்தின் பின் மனச்சோர்வு பலருக்கும் ஏற்படுவதுண்டு. அதற்கும் சிகிச்சை உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இளைஞர்களே! நீங்கள் வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருக்கலாம். கொழும்பிலே தொழில் புரியலாம். பக்கத்து வளவிலேயே குடியிருக்கவும் கூடும். தொலைபேசியில் "உம்மா, சுகமா?" என்று கேட்டால், "சுகம்தான் மகன்" என்ற பதிலே வரும். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பதற்காக உம்மாமார் சொல்லும் பதில் அது. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "கிளினிக்குக்கு எப்போது போனீங்க? பிரஷர் எவ்வளவு இருந்தது? குளிசை எத்தனை நாளைக்கு இருக்கின்றது?" என்று கேளுங்கள். வாப்பாவிடம் தனியாகவும் கேளுங்கள். அனுப்பும் பணம் தேவைதான். எனினும் கிளினிக் வரிசையில் அவர்களோடு ஒரு நாள் நிற்பது பணத்தால் வாங்க முடியாதது.

பெற்றோர்களே! நோயைப் பிள்ளைகளிடம் மறைப்பது அன்பு என்று எண்ணாதீர்கள். மறைத்தது பின்னர் தெரியவரும்போது அவர்கள் படும் வேதனை பன்மடங்காகும். அவ்வாறே வங்கிப் புத்தகம், காணி உறுதி, ஓய்வூதிய ஆவணங்கள், கடன் கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லி வையுங்கள். சுகமாக இருக்கும் காலத்தில் வஸிய்யத்தை எழுதி வைப்பது மரணத்தை அழைப்பதாகாது. வாழ்வை ஒழுங்கு செய்வதாகும்.

அன்பின் நேயர்களே! இன்றிரவு உறங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் துணை பாவிக்கும் குளிசைகள் எவை என்று கேட்டு, உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். கேட்கும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியையும் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் நோயுற்றிருப்போருக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவாயாக! துணையை இழந்து தனித்திருப்போரின் உள்ளங்களை ஆற்றுவாயாக! பிள்ளைகளைப் பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பாயாக! ஆமீன்.