மரத்தரையின் அடியில்

தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்களில் தை மாதத்துத் தரையைக் கண்டு அஞ்சாத முதியோர் மிகச் சிலரே. இரவு வெப்பம் ஐந்து பாகைக்கும் கீழே இறங்கும் நாட்களில் மொசைக் தரையில் வெறுங்காலை ஊன்றுவது எளிதன்று. திருநெல்வேலியிலிருந்து நம்முடன் வந்து தங்கிவிட்ட அன்னையாரின் முழங்கால் வலியை முன்னிட்டே, அவரது அறைக்கு மட்டும் மரத்தரை இடுவதென 2023 பிப்ரவரியில் தீர்மானித்தோம். அகவிலைப்படி நிலுவையாக வந்த தொகை முழுவதும் அதற்கே போயிற்று.

இக்காலத்து மிதவைத் தரை என்பது ஆணியடித்தோ பசையிட்டோ பதிப்பதன்று. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, மெல்லிய நுரைவிரிப்பின் மீது ஒரே பாயாகக் கிடக்கும். ஒரே பகலில் வேலை முடிந்தது. பழைய தரையைப் பெருக்கியதைத் தவிர ஒப்பந்தக்காரர் வேறொன்றும் செய்யவில்லை, நாமும் கேட்கவில்லை. நண்பர்கள் வந்து பார்த்து வியந்து சென்றனர்.

அவ்வாண்டு ஜூலை 13ஆம் நாள் பழைய இரயில் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டர் உயரத்தைத் தொட்டது. 1978ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் மிஞ்சிய அளவு அது. நம் வீடு ஆற்றுக்குக் கிழக்கே, தரைத்தளத்தில் உள்ளது. வெள்ளம் வாசலை எட்டவில்லையாயினும், ஆகஸ்டு பிறந்ததும் பலகைகளின் ஓரங்கள் உப்பின. அறை நடுவே முதுகு வளைந்தாற்போல ஒரு மேடு எழுந்தது. ஒரு விடியற்காலையில் அன்னையார் அதில் இடறி விழுந்தார். எலும்பு முறியாதது தெய்வாதீனம். “குளிர் ஆனாலும் என் பழைய தரையே போதுமடா” என்றார்.

பலகைகளைப் பெயர்த்தபோது அடிப்புறம் கருமையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மொசைக்கின் மீது வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்க்க வந்த முதிய ராஜமிஸ்திரி, பலகையில் குற்றமில்லை, குற்றம் அடியில் இருக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்தார். அவர் சொற்படியே மறுமுறை செய்தோம்.

முதலில் ஈரச்சோதனை. ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாள்களை அறையின் மூன்று இடங்களில் வைத்து, நாற்புறமும் நாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விட்டோம். குளியலறைச் சுவரையொட்டிய தாளின் அடியில் நீர் முத்து முத்தாய்க் கோத்திருந்தது. சுவரை உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு குழாய் மூட்டு கசிந்துகொண்டிருந்தது! பழியை யமுனையின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்திருப்போம். குழாயை மாற்றினோம். ஆயினும் உடனே பலகை இடவில்லை. கோடையில் எந்தத் தரையும் உலர்ந்தே காட்டும். மழைக்காலத்தின் முடிவில் செய்யும் சோதனையே நம்பத்தக்கது. ஆகவே 2024 செப்டம்பர் வரை காத்திருந்தோம். இடைப்பட்ட குளிர்காலத்தை அன்னையார் இரட்டைத் தரி விரிப்பின் மேல் கழித்தார். அதை நினைத்தால் இன்றும் நமக்கு உறுத்தலே.

மூன்று தாள்களும் உலர்ந்திருக்கக் கண்ட பின்னரே அடுத்த வேலை. நாணயத்தால் தட்டிப் பார்த்து, பொள்ளென ஒலித்த மொசைக் கற்களைப் பெயர்த்து மீண்டும் பதித்தோம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான கோலை எல்லாத் திசைகளிலும் வைத்து, அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். அறை ஒருபுறமாகச் சற்றே சாய்ந்திருப்பதில் தீங்கில்லை. மேடும் பள்ளமுமே பகை. பள்ளத்தின் மேல் பலகை அழுந்தி அழுந்தி, கொக்கி ஒடிந்துவிடும். மேட்டைத் தேய்த்துக் குறைத்தோம். பள்ளத்தைத் தானே பரவிச் சமனாகும் சிமெண்டுக் கலவையால் நிரப்பினோம். பல ஆண்டு பூசிய மெழுகைச் சுரண்டி எடுக்காவிடில் அக்கலவை பிடிப்பதில்லை; இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் சென்றது.

கலவை நன்றாக உலர்ந்தபின் 200 மைக்ரான் பாலிதீன் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று இருபது செண்டிமீட்டர் படியச் செய்து, நாடா ஒட்டினோம். அதன்மேல் நுரைவிரிப்பு ஒரே அடுக்கு. மெத்தென்றிருக்கட்டுமென இரண்டு அடுக்கு கேட்போர் உண்டு. அதுவும் கொக்கிக்குக் கேடே. பலகைப் பெட்டிகளை அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்தோம். சுவரோரம் சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் இடம் விட்டோம். முதல்முறை இவ்விடைவெளி விடாமல் சுவரை முட்ட அடித்ததனாலேயே, ஈரத்தால் பெருத்த பலகைகள் போக்கிடமின்றி நடுவில் எழுந்தன. கதவின் அடியையும் சிறிது இழைக்க வேண்டியிருந்தது.

பூஜை மாடத்தின் முன் இரண்டடி மட்டும் மொசைக்காகவே விட்டுவைத்தோம். நாள்தோறும் நீர் தெளித்துக் கோலமிடும் இடத்துக்கும் மரப்பலகைக்கும் ஒத்துவராது. வாளி நீரை ஊற்றிக் கழுவும் வழக்கமும் அவ்வறையில் நின்றது. நன்கு பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி.

2024 நவம்பரில் முடிந்த தரை, அதன்பின் வந்த மழைக்காலத்தைக் கண்டும் ஓரம் உப்பவில்லை. மற்ற அறைகளுக்கும் இடலாமே என இல்லாள் கேட்டதன் பேரில் சமையலறைக்கு அடுத்த கூடத்திலும் தாள் ஒட்டிப் பார்த்தோம். இரண்டாம் நாள் அதன் அடியில் நீர் கோத்திருந்தது. கூடம் மொசைக்காகவே இருக்கிறது.