துரை விட்டுப்போன வண்டியா? கதவைப் பார்த்தால் தெரிந்துவிடும்!

தொலைக்காட்சி அரங்கத்தில் பேசிய ஒரு விஷயத்தை இந்த வாரம் இங்கே தருகிறேன்.

நியாலாஸிலிருந்து ஒரு பெரியவர் கேள்வி அனுப்பியிருந்தார். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதிப் பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது. ஜாசின் பக்கம் ஒரு பட்டறையில் பழைய சிறிய கேரவன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வகை. உள்ளே கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் உண்டு. பேரப்பிள்ளைகளை அசஹான் நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போய் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. "1950-களில் வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்தது" என்கிறார் விற்பவர். வண்டியில் பெயரோ முத்திரையோ இல்லை. நம்பி வாங்கலாமா?

ஐயா, கதை இருக்கட்டும். முதலில் வண்டியிடமே கேட்போம்.

எந்த நாட்டு வண்டி?

வண்டியின் பின்னால் நின்று பாருங்கள். இங்கிலாந்தில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். அதனால் அவர்களுடைய கேரவனில் கதவு இடப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில் கதவு வலப்பக்கம். உள்ளே மின்சார பிளக் குத்தும் இடத்தில் இரண்டு தட்டையான துளைகள் இருந்து, கதவும் வலப்பக்கம் என்றால், அது பெரும்பாலும் அமெரிக்கா அல்லது கனடா வண்டி. அதன் மின்கம்பிகள் 110 வோல்ட்டுக்குப் போட்டவை. நம் வீட்டு மின்சாரம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தகுதியுள்ள மின் பணியாளர் பார்க்காமல் அதில் மின்சாரம் கொடுத்தால் ஆபத்து.

அடுத்து உடம்பைப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத் தகடுகளை ஆணி அறைந்து இணைத்திருந்தால் அது ஏர்ஸ்ட்ரீம் பாணி. பின்பக்கம் இரு சிறகுகள் இருந்தால் ஷாஸ்டாவாக இருக்கலாம். முட்டை வடிவில், நடுவில் ஒரு பட்டையால் இணைத்த இரண்டு பைபர் கிளாஸ் ஓடுகளாக இருந்தால், அந்த வகையை 1968-இல் கனடாவின் வினிபெக் நகரில் போலர் என்ற பெயரில் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பலர் செய்தார்கள். ஆகவே முட்டை வடிவ பைபர் கிளாஸ் வண்டியை 1950-களின் துரை வண்டி என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது!

காரோடு மாட்டும் முன்கம்பியில் சேசிஸ் எண்ணைத் தேடுங்கள். பெயிண்ட் மூடியிருக்கலாம், மெல்லச் சுரண்டிப் பாருங்கள். 17 எழுத்து எண்கள் கொண்ட முறை 1981-இல்தான் வந்தது. எண் அப்படி இருந்தால் அது 1950-களின் வண்டியே அல்ல.

வண்டி எப்படி இருக்கிறது?

பெரிய எதிரி மழைதான். அலுமினியத் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். நீர் புகுந்தால் வெளியே அழகாகவும் உள்ளே உளுத்தும் கிடக்கும். ஜன்னலுக்குக் கீழேயும், கூரை மூலைகளிலும், கட்டிலுக்கு அடியிலும் கட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் மரம் போய்விட்டது. கரையான் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வாசனை வந்தால் சந்தேகம் கூடட்டும்.

வண்டிக்கு அடியில் துணி விரித்துப் படுத்து, டார்ச் விளக்கு அடித்து, இரும்புச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். மேல் துரு பரவாயில்லை. ஓட்டை விழுந்தால் வேண்டாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3512 என்றால் 2012-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயரில் பேரப்பிள்ளைகளை நம்பி நெடுஞ்சாலையில் ஏற முடியுமா? கேஸ் குழாயையும் புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

தாள் இருக்கிறதா?

இதுதான் முக்கியம். நாம் கெரான் என்று சொல்லும் உரிமைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள எண்ணும் முன்கம்பியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். "பிறகு செய்து கொள்ளலாம்" என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். பதிவு இல்லாத வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும், அசஹானுக்குப் போகாது. உங்கள் காரால் எவ்வளவு எடை இழுக்க முடியும் என்பதையும் காரின் கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள்.

விலை பேசும்போது வெல்டிங், மரவேலை, டயர், மின்கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் தொகை கேட்டு எழுதுங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியின் விலையிலிருந்து அதைக் கழியுங்கள். மீதிதான் நீங்கள் கொடுக்க வேண்டிய வெள்ளி.

பெரியவர் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார். கதவு வலப்பக்கமாம். ஜன்னலுக்குக் கீழே விரல் உள்ளே போனதாம். கெரான் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றிவிட்டாராம். சேமநிதிப் பணம் வங்கியிலேயே இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு ஒரு நல்ல கூடாரம் வாங்கிப் பேரப்பிள்ளைகளோடு அசஹானுக்குப் போகப் போகிறாராம். ஆசையை விட்டுவிடவில்லை, ஐயா!