நிலவருகே மௌனமான கலம்

குளத்தில் பொம்மைப் படகு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரையில் நிற்பவர் கையில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பொத்தானை அழுத்தினால் படகு திரும்பும். கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. ரேடியோ அலைதான் கட்டளையைக் கொண்டு போகிறது.

திடீரென்று படகு நின்றுவிட்டால்? கரையோரமாக நடந்து, படகுக்குக் கிட்டே போய் அழுத்திப் பார்ப்பார்கள். அப்போது ஓடினால், முன்பு அலை எட்டவில்லை என்று பொருள். ஓடாவிட்டால் படகை எடுத்துத் திறப்பார்கள். பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஈரம் பட்டுக் கம்பி முனையில் பச்சை பூத்திருக்கலாம். அதைச் சுரண்டித் துடைத்து மாட்டினால் படகு ஓடும்.

3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் கலம் பேச்சை நிறுத்தினால் என்ன செய்வது? 2009-ஆம் ஆண்டில் பெங்களூரில் அப்படி ஒரு நிலைமை வந்தது.

சந்திரயான்-1 நிலவுக்கு இந்தியா அனுப்பிய முதல் கலம். 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி என்ற சிற்றூரில் பிறந்தவர். கலத்தை இயக்கும் கட்டளைகள் பெங்களூரிலிருந்து போயின. நகருக்கு வெளியே பயலாலு கிராமத்தில் 32 மீட்டர் அகலமுள்ள பெரிய கிண்ண ஆன்டெனா இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் அலை ஏறத்தாழ ஒன்றேகால் வினாடியில் நிலவை எட்டிவிடும்.

தொல்லை சூட்டில் தொடங்கியது. வெயிலில் காய்ந்த பாறை அருகே நின்றால் அனல் அடிக்கும் அல்லவா? நிலவின் வெயில் பக்கமும் அப்படித்தான். 2008 நவம்பரிலேயே கலத்தின் சூடு 50 டிகிரியைத் தாண்டியது. பொறியாளர்கள் சில கருவிகளை அணைத்தார்கள். கலத்தைச் சற்றே திருப்பினார்கள். சூடு தணிந்தது.

அடுத்து, விண்மீன்களைப் பார்த்துத் திசை அறியும் கருவி பழுதானது. நட்சத்திரம் தெரியாத இரவில் கடலில் இருக்கும் மீனவர் நிலைதான். திசை தவறினால் கலத்தின் ஆன்டெனா பூமியைப் பார்க்காது. வேறு கருவிகளைக் கொண்டு திசை பார்த்து வேலையைத் தொடர்ந்தார்கள். எட்டாத தூரத்தில் இருந்த கலத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்த வைத்தியம் இது. 2009 மே மாதம் கலத்தை நிலவிலிருந்து 200 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள்.

ஆகஸ்ட் 29, அதிகாலை சுமார் 1.30 மணி. கலத்திலிருந்து வந்த அலை நின்றது. திரும்பத் திரும்பக் கட்டளை அனுப்பியும் பதில் இல்லை. சூட்டால் மின்சாரம் வழங்கும் பகுதி பழுதாகியிருக்கும் என்று கருதினார்கள். இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய கலம் 312 நாள் உழைத்தது. அதற்குள் நிலவை 3,400 முறைக்கு மேல் சுற்றிவிட்டது.

அடுத்த மாதமே ஒரு செய்தி வெளியானது. நிலவின் மண்ணில் நீரின் தடயம் உண்டு என்று, அந்தக் கலம் முன்பே அனுப்பியிருந்த தகவல்கள் காட்டின.

கலம் எங்கே போனது? 2016 ஜூலையில் அமெரிக்க அறிவியலாளர்கள் ராடார் கொண்டு தேடினார்கள். கிணற்றுக்குள் கூப்பிட்டால் எதிரொலி வரும். ராடாரும் அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். நிலவின் வடமுனைக்கு மேலே அலையைச் செலுத்திக் காத்திருந்தார்கள். ஒன்றரை மீட்டர்ப் பெட்டி அளவுள்ள ஒரு பொருள் குறுக்கே போனது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தது. அது சந்திரயான்-1. பேச்சு மூச்சில்லாமல், ஆனால் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது.