ஒரே தோட்டத்தில் இரு தேன்சிட்டுகள்: வேறுபாட்டை அறிவது எப்படி?

புனே: புனே நகரின் வீட்டுத் தோட்டங்களிலும் வேதாள் குன்று போன்ற பசுமைப் பகுதிகளிலும் ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆகிய இரண்டையும் காணலாம். மராத்தியில் 'ஷிஞ்சீர்' எனப்படும் இப்பறவைகள், சுமார் 10 செ.மீ. நீளமும் வளைந்த மெல்லிய அலகும் கொண்டவை. இதனால் ஒன்றை மற்றொன்றாகக் கருதுவோர் பலர்.

ஆண் பறவைகள்

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஊதாத் தேன்சிட்டு தொலைவில் கருமையாகத் தெரியும். வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். ஊதாப்பிட்டு ஆணுக்கு முதுகு செம்பழுப்பு, வயிறு மஞ்சள், விலாப்புறம் வெண்மை. பெயருக்குக் காரணமான பிட்டத்தின் ஊதா நிறம் எளிதில் கண்ணில் படாது.

குழப்பம் எழுவது இனப்பெருக்கக் காலம் முடிந்த பின்னரே. அப்போது ஆண் ஊதாத் தேன்சிட்டு தன் மினுமினுப்பை இழந்து, பெண்ணைப் போல மஞ்சள் வயிற்றுடன் காணப்படும். மோவாயிலிருந்து வயிறு வரை ஓடும் கரும்பட்டையே அதன் அடையாளம். ஊதாப்பிட்டு ஆண் இவ்வாறு நிறம் மாறுவதில்லை.

பெண் பறவைகள்

தொண்டையைக் கவனித்தால் போதும். சாம்பல் கலந்த வெண்தொண்டையும் மஞ்சள் மார்பும் இருந்தால் அது ஊதாப்பிட்டு. தொண்டை முதல் அடிப்பகுதி முழுவதும் மங்கிய மஞ்சளாக இருந்தால் ஊதாத் தேன்சிட்டு.

பரவலிலும் வேறுபாடு

ஊதாத் தேன்சிட்டு மேற்கு ஆசியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை வாழ்கிறது. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு பெரும்பாலும் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுகிறது. அதன் அறிவியல் பெயரான 'லெப்டோகோமா ஜெய்லோனிகா' இலங்கையையே குறிக்கிறது. லின்னேயஸ் 1766-இல் அதை விவரித்தார். எனவே, தமிழகத்தின் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற பொதுமக்கள் பங்கேற்கும் பணிகளில் இவ்விரண்டையும் மாற்றிப் பதிவிட்டால், எந்த இனம் பெருகுகிறது, எது குறைகிறது என்ற கணிப்பே பிழையாகிவிடும்.

கூட்டைக் காப்போம்

தேன் அருந்தும்போது மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு செல்லும் இவை, குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டுகின்றன. சிலந்தி நூலால் நார்களைப் பிணைத்துக் கட்டும் தொங்கு கூட்டை, வீட்டு முற்றத்துக் கம்பியிலும் அமைப்பதுண்டு. வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துண்டுகள் ஒட்டியிருப்பதால் அது ஒட்டடையாகவே தோன்றும். முட்டை பொரியவே சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே, தொங்கும் ஒட்டடையின் பக்கவாட்டில் சிறு நுழைவாயில் தெரிந்தால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை துடைப்பத்தைத் தள்ளி வைப்பதே நலம்.